கைம்மாறா? கடைச்சரக்கா?

மக்கள் கொண்டாடும் விழாநாள் எதுவாயினும் அதற்கு ஒரு வேர் உண்டு. மழை பொழிந்தமை, கதிர் முற்றியமை, மகவு பிறந்தமை, பெரியார் ஒருவர் மறைந்தமை என ஏதேனும் ஒரு நிகழ்வில் அவ்வேர் ஊன்றியிருக்கும். அவ்விழாவை முதற்கண் தொடங்கியவர் யார் என உசாவினால் ஒருவர் பெயரும் கிடைக்காது. ஊரே தொடங்கிற்று, ஊரே போற்றிற்று என்பதே விடையாகும். ஆனால், தொடங்கியவர் பெயரும், தொடங்கிய ஆண்டும், விற்க வேண்டியிருந்த சரக்கும் ஐயத்திற்கிடமின்றித் தெரிகின்ற நாள்களும் இற்றை உலகில் உண்டு. சப்பான் நாட்டில் ஆண்டுதோறும் மார்ச்சு 14-ஆம் நாள் கொண்டாடப்பெறும் 'வெள்ளை நாள்' அத்தகையது. 1978-ஆம் ஆண்டில் அது பிறந்தபோது அதற்கு இடப்பெற்ற பெயர் 'மார்சுமெல்லோ நாள்' என்பதாகும்.

ஓர் இனிப்புப் பண்டத்தின் பெயரால் ஒரு நாளா என நகைத்து ஒதுக்கிவிடத் தக்க செய்தியன்று இது. அன்பு, நன்றி, கைம்மாறு ஆகிய மாந்தப் பண்புகளை வணிகம் எவ்வாறு தன் துலைத்தட்டில் ஏற்றுகின்றது என்பதையும், நயன்மை வேண்டி எழுந்த ஒரு குரலை அஃது எவ்வாறு விற்பனை வாய்ப்பாக மாற்றிக்கொள்கின்றது என்பதையும் இந்நாளின் வரலாறு தெள்ளத் தெளியக் காட்டுகின்றது.

வேர் போய்ப் பெயர் நின்ற பண்டம்

மார்சுமெல்லோ என்பது சருக்கரைப் பாகோடு முட்டை வெண்கருவோ ஊன்பசையோ சேர்த்து, காற்று உட்புகுமாறு நெடுநேரம் அடித்துத் திரட்டப்பெறும் நுரைப்பண்டம். தமிழில் அதனை 'நுரையினிப்பு' எனல் பொருந்தும். மேலை நாடுகளில் சதுப்பு நிலங்களில் வளர்கின்ற, துத்தியினத்தைச் சேர்ந்த ஒரு செடியின் பெயரே இப்பண்டத்திற்குப் பெயராயிற்று. அச்செடியின் வேரிலிருந்து எடுக்கப்பெறும் வழுவழுப்பான சாறு தொண்டைப் புண்ணுக்கும் இருமலுக்கும் மருந்தாக வழங்கி வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு நாட்டு இனிப்பு வினைஞர் அச்சாற்றை வெண்கருவோடும் சருக்கரையோடும் சேர்த்து அடித்து மென்பண்டம் ஆக்கினர். பின்னர், வேர்ச்சாற்றின் இடத்தை விலங்குகளின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கும் ஊன்பசை பிடித்துக்கொண்டது. செடி போயிற்று; மருந்து போயிற்று; பெயர் மட்டும் எஞ்சியது. வேர் நீங்கிப் பெயர் மட்டும் நிற்கும் இப்பண்டம், வேரில்லாத ஒரு நாளுக்கு மூலப்பொருளானது தற்செயலே எனினும் பொருத்தமானதே.

சப்பானின் தென்மேற்கில் கியூசூத் தீவிலுள்ள புக்குவோக்கா நகரின் பழைய வணிகப் பகுதி அக்காத்தா. அங்கு 1905-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது இசிமுரா மன்செய்தோ என்னும் இனிப்பகம். போர்த்துக்கீசியர் வழியாகச் சப்பானுக்கு வந்த ஓர் இனிப்பு, முட்டையின் மஞ்சட்கருவை மட்டும் கொதிக்கும் பாகில் நூல் நூலாக ஊற்றிச் செய்யப்பெறுவது. அதனைச் செய்தபோது வெண்கரு மிகுந்து வீணாயிற்று. அவ்வெண்கருவை வீணாக்க மனமில்லாத அவ்வினைஞர், அதனைக் கொண்டு முட்டை வடிவில் ஒரு வெண்ணுரையினிப்பு ஆக்கி, அதனுள்ளே மஞ்சள் நிற அவரைப்பருப்புப் பூரணத்தை வைத்து, 'நாரைக்குஞ்சு' எனப் பொருள்படும் பெயரை இட்டார். இது போற்றத்தக்க தொழிற்றிறம். எறிய வேண்டியதை உண்ணத்தக்கதாக்கி, அதற்குத் தம் தாய்மொழியில் அழகிய பெயரும் சூட்டிய அப்பெருமகனாரைக் குறை கூறுவார் எவரும் இலர். நாரைக்குஞ்சுக்கென ஒரு நாள் இல்லை. எனினும் நூறாண்டு கடந்தும் அது விற்கின்றது. நல்ல பண்டத்திற்கு நாள் வேண்டுவதில்லை என்பதற்கு அந்நிறுவனத்தின் பண்டமே சான்று.

நாள் பிறந்த வகை

1977-ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தை நடத்திவந்த குடும்பத்தினரான இசிமுரா செங்கோ என்பார் புதிய விற்பனை வழி தேடி மகளிர் இதழ்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு பெண்ணின் முறையீடு அவர் கண்ணிற் பட்டது என்பது அந்நிறுவனத்தார் கூறும் வரலாறு. காதலர் நாளில் மகளிர் ஆடவர்க்குச் சாக்கலேட்டு வழங்குகின்றனர், ஆடவரோ எதுவும் திருப்பித் தருவதில்லை, இஃது ஒப்புரவாகுமா? ஒரு கைக்குட்டையாவது, ஒரு நுரையினிப்பாவது தரலாகாதா? இதுவே அம்முறையீட்டின் சாரம். நுரையினிப்பு என்னும் சொல்லைக் கண்டதும் நுரையினிப்பு வணிகர்க்கு வழி பிறந்தது. சாக்கலேட்டை உள்ளே பொதிந்த நுரையினிப்பு ஒன்று ஆக்கப்பெற்றது. காதலர் நாளுக்குச் சரியாக ஒரு திங்கள் கழித்து, 1978 மார்ச்சு 14-ஆம் நாள், முதல் மார்சுமெல்லோ நாள் நடந்தேறியது.

இதற்கு முன்னரே, 1973-ஆம் ஆண்டிலேயே, வேறு நிறுவனங்கள் இத்தகைய முயற்சியில் இறங்கின என்பாரும் உளர். யார் முந்தியவர் என்னும் வழக்கு ஒருபுறம் இருக்க, 1980-ஆம் ஆண்டில் நாடளாவிய இனிப்புத் தொழில்துறைக் கூட்டமைப்பு அந்நாளை 'வெள்ளை நாள்' எனப் பெயரிட்டுப் பரப்பத் தொடங்கிற்று. நுரையினிப்பு வணிகர் ஒருவர்க்கு மட்டும் ஊதியம் தந்த நாள், சருக்கரை தொட்ட வணிகர் அனைவர்க்கும் ஊதியம் தரும் நாளாக விரிந்தது. பின்னாளில் கைக்குட்டை, அணிகலன், கைப்பை என எல்லாச் சரக்கும் அவ்வரிசையில் வந்து நின்றன.

அப்பெண் முறையிட்ட காதலர் நாளின் கதையும் இதனின் வேறுபட்டதன்று. 1936-ஆம் ஆண்டில் கோபே நகரின் சாக்கலேட்டு நிறுவனம் ஒன்று ஆங்கிலச் செய்தித்தாள் ஒன்றில் அதற்கு விளம்பரம் செய்தது. 1958-ஆம் ஆண்டில் தோக்கியோப் பேரங்காடி ஒன்றில் மேரி சாக்கலேட்டு நிறுவனம் காதலர் நாள் விற்பனை நடத்தியபோது, மூன்று நாளில் விற்றவை 50 யென் விலையுள்ள மூன்று சாக்கலேட்டுகளும் 20 யென் விலையுள்ள ஒரு வாழ்த்தட்டையுமே. ஆக மொத்தம் 170 யென்! மக்கள் கேட்டு எழுந்த விழாவாயின் அதன் முதல் மூன்று நாள் வருவாய் 170 யென்னாக இருந்திருக்குமா? கேட்காத மக்களைக் கேட்க வைப்பதற்கு வணிகர்க்கு மேலும் பல ஆண்டு விளம்பரம் தேவைப்பட்டது. ஆண்டுக்கு ஒருமுறை பெண்ணே தன் உள்ளத்தை ஆணுக்கு உரைக்கும் நாள் என அவர்கள் அதற்கு ஒரு விளக்கம் புனைந்தனர். பிற நாடுகளில் இருபாலாரும் பரிமாறிக்கொள்ளும் நாள், சப்பானில் மகளிர் மட்டும் கொடுக்கும் நாளாயிற்று. வணிகர் ஆக்கிய அக்கோணலிலிருந்தே அப்பெண்ணின் முறையீடு பிறந்தது. பின்னர் அம்முறையீட்டைத் தீர்ப்பதற்கென வணிகரே இன்னொரு நாளை விற்றனர். புண்ணையும் தாமே செய்து மருந்தையும் தாமே விற்றல் என்பது இதுதான்.

நேர்மையான வினா, கோணலான விடை

ஈண்டு ஒன்றைத் தெளிவாகப் பகுத்தறிதல் வேண்டும். அப்பெண் கேட்ட கேள்வியில் குற்றமில்லை. கொடுப்பது மகளிர்க்கே உரியது, பெறுவது ஆடவர்க்கே உரியது என்னும் நிலை நயன்மையற்றது என்பதை அவர் உணர்ந்தார், உணர்ந்ததை எழுதினார். அக்கேள்வி ஒரு சாக்கலேட்டுத் துண்டைப் பற்றியது மட்டுமன்று. அக்காலத்துச் சப்பானிய அலுவலகங்களில் மகளிர் நிலை யாதென அறிந்தார்க்கே அதன் முழுப்பொருள் விளங்கும். எத்துணைப் படித்திருப்பினும் தேநீர் கலந்து தருவதும், படியெடுப்பதும், வந்தாரை வரவேற்பதுமே பெண்ணுக்குரிய பணிகள் எனக் கருதப்பட்டன. மணம் முடித்தால் வேலையை விட்டு விலக வேண்டும் என்னும் விதி பல நிறுவனங்களில் இருந்தது. அவ்விதி செல்லாது என 1966-ஆம் ஆண்டில் தோக்கியோ மாவட்ட நயன்மன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பைப் பெறுவதற்கு ஒரு பெண் வழக்காட வேண்டியிருந்தது. ஆடவர்க்கு ஓர் அகவையும் மகளிர்க்கு அதனினும் ஐந்தாண்டு குறைந்த அகவையும் வைத்து ஓய்வளித்த நிறுவனம் ஒன்றின் விதி செல்லாது என அந்நாட்டு உச்ச நயன்மன்றம் உரைத்தது 1981 மார்ச்சு 24-ஆம் நாள். அவ்வாண்டின் வெள்ளை நாள் கழிந்து பத்தாம் நாள் அது. வேலைவாய்ப்பில் இருபாலார்க்கும் ஒத்த உரிமை வழங்கும் சட்டம் 1985-ஆம் ஆண்டில்தான் இயற்றப்பெற்றது. 1986-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது.

ஒப்புரவு வேண்டிய பெண்ணுக்கு உண்மையான விடை அந்நயன்மன்றங்களிலும் அச்சட்டத்திலும் இருந்தது. நுரையினிப்புப் பெட்டியில் இருந்ததோ விடைபோலத் தோன்றிய ஒரு வெற்றிடம். ஆண்டு முழுதும் தேநீர் ஏந்திவந்த கையில் ஒருநாள் ஒரு பெட்டியை வைத்துவிட்டால் கணக்கு நேராகிவிட்டது என ஆடவர் எண்ணிக்கொள்ள அந்நாள் இடந்தந்தது. கணக்கு நேராகவில்லை. உலகப் பொருளியல் மன்றம் 2023-ஆம் ஆண்டில் வெளியிட்ட பாலின இடைவெளி அறிக்கையில் 146 நாடுகளுள் சப்பான் பெற்ற இடம் 125. நாற்பதுக்கும் மேற்பட்ட வெள்ளை நாள்கள் கழிந்தபின் உள்ள நிலை இது. இடைவெளிக்கு வெள்ளை நாள் கரணியம் என்று கூறுவது பொருந்தாது. அவ்விடைவெளியை மறைக்கும் மென்திரையாக அது பயன்பட்டது என்று கூறுவதே பொருந்தும்.

கடப்பாட்டுச் சாக்கலேட்டு

சப்பானிய மொழியில் 'கிரி' என்றொரு சொல் உண்டு. ஒருவர்க்கு ஒருவர் செய்யக் கடமைப்பட்ட முறை என்பது அதன் பொருள். தமிழில் 'கடப்பாடு' என்னும் சொல் அதற்கு அணுக்கமானது. குருதியாலும் நட்பாலும் உதவியாலும் பிணிப்புண்ட மாந்தர் தமக்குள் காக்கும் அறத்தைச் சுட்டும் பெருமிதமான சொல் அது. அச்சொல்லைச் சாக்கலேட்டோடு ஒட்டி, 'கிரிச் சாக்கலேட்டு' என ஒரு புதுச்சொல் ஆக்கிவிட்டனர். காதலும் இன்றி, நட்பும் இன்றி, மேலாளர்க்கும் உடன் பணிபுரியும் ஆடவர்க்கும் மகளிர் தம் சொந்தக் காசில் வாங்கித் தர வேண்டிய சாக்கலேட்டுக்கு அது பெயர். அறத்தைக் குறித்த ஒரு சொல் அலுவலக வரியைக் குறிப்பதாக இழிந்தது. ஒரு மொழியின் உயர்ந்த சொற்களைக் கடைப்பெயர்ப் பலகையில் ஏற்றுவார், அம்மொழி பேசும் மக்களின் நெஞ்சிலிருந்து அச்சொற்களை இறக்கிவிடுகின்றனர்.

கைம்மாறு செய்தல் சப்பானியர்க்குப் பழைய வழக்கந்தானே, அதனைப் புதிய நாளில் செய்தால் குற்றமென்ன என்று கேட்பார் இருக்கலாம். அப்பழைய வழக்கத்தை உற்று நோக்குக. சாவு நேர்ந்த வீட்டிற்கு உற்றாரும் அயலாரும் பொருளுதவி செய்வர். துயர்நாள்கள் கழிந்தபின் அவ்வீட்டார், பெற்றதில் ஏறத்தாழப் பாதி மதிப்புள்ள பொருளைத் திருப்பி அளிப்பர். முழுவதையும் திருப்பினால் உதவி செய்தாரைப் புறந்தள்ளியதாகும். ஒன்றுமே திருப்பாவிடில் நன்றி மறந்ததாகும். ஆகலின் பாதி திரும்பும், பாதி தங்கும். அங்ஙனம் தங்கிய பாதியே இரு வீட்டாரையும் பிணிக்கும் உறவு. எத்துணை நுட்பமான மாந்த அறிவு அது! வெள்ளை நாள் வணிகமோ, பெற்றதற்கு மும்மடங்கு திருப்பித் தருதல் வேண்டும் என்னும் பேச்சை ஊரெல்லாம் பரப்பியது. பாதி திரும்பினால் உறவு தங்கும். மும்மடங்கு திரும்பினால் கடைக்காரர்க்கு விற்பனை தங்கும். பழைய வழக்கிற்கும் புதிய வழக்கிற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இனிப்புகளிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். மே 5-ஆம் நாள், மகவுகளின் நலம் வேண்டிச் சப்பானியர் உண்ணும் அரிசிமா இனிப்பு ஒன்று உண்டு. அது கருவாலி இலையிற் பொதியப்பெறும். புதுத்தளிர் தோன்றும் வரை அம்மரத்தின் பழைய இலை உதிர்வதில்லை. பிள்ளை தலையெடுக்கும் வரை பெற்றோர் நிலைத்திருத்தல் வேண்டும் என்னும் வேண்டுதல் அவ்விலையிலே இருக்கின்றது. எவரும் விளம்பரம் செய்து அப்பொருளைக் கற்பிக்கவில்லை, மரம் கற்பித்தது. அவ்வினிப்பை விற்பாரும் வணிகரே. ஆயினும் அங்கே பொருள் முன்பு பிறந்தது, விற்பனை பின்பு வந்தது. மார்சுமெல்லோ நாளில் விற்பனை முன்பு வந்தது. பொருள் பின்பு ஒட்டப்பெற்றது.

ஒட்டிய பொருள் உரிந்தது

ஒட்டப்பெற்ற பொருள் நிலைக்குமா? நிலைக்கவில்லை என்பதை அந்நுரையினிப்பின் நிலையே காட்டிற்று. பெண் தந்த சாக்கலேட்டை ஆணின் மென்மையான அன்பு பொதிந்து காக்கின்றது என்பது தொடக்கத்தில் விளம்பரம் கற்பித்த பொருள். பின்னாளில், இன்ன பண்டம் தந்தால் இன்ன பொருள் என ஒரு பட்டியல் நாடெங்கும் வழங்கலாயிற்று. கற்கண்டுக் கட்டி தந்தால் விருப்பம். ஈரட்டி தந்தால் வெறும் நட்பு. நுரையினிப்புத் தந்தால் வெறுப்பு! வாயிலிட்டதும் கரைந்து மறைவதால் அஃது அன்பின்மைக்கு அடையாளம் என்றனர். எப்பண்டத்தை விற்பதற்காக அந்நாள் ஆக்கப்பெற்றதோ, அப்பண்டத்தையே அந்நாளில் கொடுக்க அஞ்சும் நிலை வந்தது. பொருளைக் கடையில் வாங்கியவர் அதனை இன்னொரு கடையில் மாற்றிக்கொள்வர் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமா?

பெயரின் நிலையும் எண்ணத்தக்கது. நாரைக்குஞ்சு எனத் தாய்மொழியில் பெயரிட்ட அதே இனிப்பகத்திலிருந்து வந்த நாளுக்கு ஆங்கிலப் பெயர். அதனை மாற்றிய கூட்டமைப்பு இட்ட 'ஒயிட் டே' என்பதும் ஆங்கிலப் பெயரே. ஆனால் இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ இப்படி ஒரு நாள் வழக்கில் தோன்றியதில்லை. ஆங்கிலேயர்க்கே தெரியாத ஆங்கிலத் திருநாள் அது. அயற்பெயர் சூட்டினால்தான் சரக்கு விலைபோகும் என்னும் எண்ணம், தன் மொழியைச் செம்மையாகப் பேணும் சப்பானிய வணிகரையும் விடவில்லை. தாய்மொழிப் பெயராயின் மக்கள் அதன் பொருளை உசாவுவர். இந்நாள் எதற்கு, எங்கிருந்து வந்தது என்று கேட்பர். அயற்பெயராயின் கேளாமல் வாங்குவர். அயன்மொழிப் பெயர் வணிகர்க்குத் தரும் பெருநன்மை இதுவே.

இவ்வழக்கம் சப்பானோடு நிற்கவில்லை. கொரியாவிற்கும் தைவானுக்கும் பரவிற்று. தென்கொரியாவில் பிப்பிரவரி 14-இலும் மார்ச்சு 14-இலும் ஒன்றும் பெறாதவர், ஏப்பிரல் 14-ஆம் நாளைக் 'கருப்பு நாள்' எனக் கொண்டு, கருநிறக் குழம்பு ஊற்றிய கோதுமை இழையுணவை உண்கின்றனர். அன்பு பெற்றவர்க்கு ஒரு விற்பனை, அன்பைத் திருப்புபவர்க்கு ஒரு விற்பனை, அன்பே கிடைக்காதவர்க்கும் ஒரு விற்பனை! தனிமைத் துயரையும் விட்டுவைக்கவில்லை வணிகம்.

செய்யத்தக்கது யாது?

இனிப்பு வினைஞரும் வாழ வேண்டாவா, இளையோர் மகிழ்வது குற்றமா என்னும் வினாக்கள் எழும். வினைஞர் வாழவே வேண்டும். வீணாகும் வெண்கருவில் நாரைக்குஞ்சைக் கண்டதுபோன்ற தொழிற்றிறத்தால் வாழ வேண்டும். இளையோர் மகிழவே வேண்டும். தாம் விரும்பியவர்க்குத் தாம் விரும்பிய நாளில் விரும்பியதைத் தந்து மகிழ வேண்டும். குற்றம் இனிப்பில் இல்லை, கொடையிலும் இல்லை. கொடாதவரை நாணச் செய்யும் கட்டாயத்தில் இருக்கின்றது குற்றம். மனமுவந்து தருவது கொடை; நன்றியுணர்ந்து செய்வது கைம்மாறு; நாட்காட்டிக்கு அஞ்சித் தருவது கடன். இம்மூன்றையும் வேறுபடுத்தி அறிந்திருந்தமையாலன்றோ முன்னோர் மூன்று சொற்கள் வைத்தனர்?

இவ்வுண்மையைச் சப்பானிய மக்களும் உணர்ந்தே வருகின்றனர். 2018 பிப்பிரவரி 1-ஆம் நாள், கோடிவா என்னும் சாக்கலேட்டு நிறுவனமே அந்நாட்டின் முன்னணிப் பொருளியல் நாளிதழான நிக்கெயில் ஒரு முழுப்பக்க விளம்பரம் வெளியிட்டது. கடப்பாட்டுச் சாக்கலேட்டு வழங்கும் வழக்கத்தைச் சப்பான் கைவிடுக என்றது அவ்விளம்பரம். மகளிரை வருத்த வேண்டா என நிறுவனத் தலைவர்களே எடுத்துரைக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டது. அதுவும் ஒரு விற்பனை உத்தியே என்று ஐயுறுவார் ஐயுறுக. ஆயினும், சாக்கலேட்டு விற்பவரே இவ்வாறு பேச வேண்டிய அளவிற்கு மகளிரின் சலிப்பு முற்றியிருந்தது என்பது மறுக்கவியலாதது. அலுவலகத்தில் இப்பரிமாற்றமே வேண்டா எனத் தடுத்த நிறுவனங்களும் அந்நாட்டில் உண்டு. விளம்பரத்தால் வளர்ந்த வழக்கத்தை மக்களின் மறுப்பே தேய்க்கும்.

1977-இல் இதழுக்கு எழுதிய அப்பெண் கேட்டது ஒப்புரவு. அவர்க்குக் கிடைத்தது ஒரு பெட்டி நுரை. அவர் கேள்விக்குரிய விடை இன்னும் கடன்பட்டே நிற்கின்றது. ஒத்த வேலைக்கு ஒத்த கூலியாகவும், உயர்பதவியில் ஒத்த இடமாகவும், வீட்டுப் பணியில் ஒத்த பங்காகவும், அலுவலகத்தில் தன் கோப்பையைத் தானே கழுவிவைக்கும் ஆடவனின் நாணமற்ற எளிமையாகவும் அது வர வேண்டும். அக்கைம்மாறு வருகின்ற நாளை எந்தக் கூட்டமைப்பும் குறித்துத் தர இயலாது. எந்தப் பேரங்காடியும் பெட்டியில் இட்டு விற்கவும் இயலாது. குறித்துத் தருவதற்கும் விற்பதற்கும் அடங்காமையே உண்மையான கைம்மாற்றுக்கு அடையாளம் எனத் தெளிக.